துப்பாக்கிச் சட்டம் கடுமையானால் உயிரிழப்பு குறையுமா? ஆஸ்திரேலியாவின் 1996 சட்டம் பற்றி ஒரு கேள்வி

நெய்தல்வாசன் (சிட்னி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2025 டிசம்பர் 14 அன்று சிட்னியின் பாண்டை கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா கொண்டாட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் கொல்லப்பட்டதிலிருந்து, அலுவலகத்திலும் உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சாக இருக்கிறது. இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் இது நடந்துவிட்டதே, அப்புறம் சட்டத்தால் என்ன பயன் என்கிறார்கள் சிலர். சட்டம் இல்லாதிருந்தால் இதுபோல் ஆண்டுக்கு ஒன்று நடந்திருக்கும் என்கிறார்கள் மற்றவர்கள். வேடிக்கை என்னவென்றால், இரு தரப்பாருமே 1996-ஆம் ஆண்டைத்தான் சான்றுக்கு அழைக்கிறார்கள். அந்தச் சட்டத்தால் உயிரிழப்பு உண்மையாகவே குறைந்ததா, அல்லது எப்படியும் குறைந்துகொண்டிருந்ததற்குச் சட்டம் பெயர் வாங்கிக்கொண்டதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கருவேலங்காடு (விக்டோரியா) பதில்:

முதலில் அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விவாதம் செய்பவர்களில் பாதிப் பேர் அதைப் படித்ததில்லை. 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமராகி இரண்டு மாதம்கூட நிறையாத ஜான் ஹோவர்ட், துப்பாக்கிச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்தபோதிலும், பன்னிரண்டே நாட்களில் எல்லா மாநிலங்களையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார். எதிர்ப்பு அவருடைய கூட்டணியின் கிராமப்புற வாக்காளர்களிடமிருந்தே வந்தது. விக்டோரியாவின் சேல் நகரக் கூட்டத்தில் அவர் கோட்டுக்குள் குண்டு துளைக்காத அங்கி அணிந்து பேசினார்.

சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே ஏறும் அரைத் தானியங்கி ரைஃபிள்களும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களும் பொதுமக்கள் கையிலிருந்து ஏறக்குறைய முழுமையாக அகற்றப்பட்டன. மெடிகேர் என்ற பொது மருத்துவக் காப்பீட்டுக்கான வரியை ஓராண்டுக்கு 1.5 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதமாக உயர்த்தி, அந்தப் பணத்தில் அரசு ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. நான் பண்ணை வைத்திருப்பவன். முயல், நரித் தொல்லைக்காக உரிமத்தோடு ஒரு ரைஃபிள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டிய வகை அது. முதல் துப்பாக்கி வாங்க 28 நாள் காத்திருக்க வேண்டும்; துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டகத்திலும் தோட்டா வேறொரு பூட்டுக்குள்ளும் இருக்க வேண்டும்; காவலர் வந்து பார்த்தால் காட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, தற்காப்புக்காக என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நிராகரிக்கப்படும் என்பதுதான்.

எண்ணும்எழுத்தும் பதில்:

நான் புள்ளியியல் கற்பிப்பவன். "உயிரிழப்பு" என்று மொத்தமாகக் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது என்பதே என் கருத்து. எந்த உயிரிழப்பு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

கூட்டக் கொலையை எடுத்துக்கொள்வோம். கொலையாளியைச் சேர்க்காமல் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் துப்பாக்கியால் கொல்லப்பட்ட நிகழ்வு என்ற வரையறைப்படி, 1996 வரையிலான 18 ஆண்டுகளில் 13 நிகழ்ந்தன. அதன் பிறகு, 2018-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்மிங்டனில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏழு பேர் இறக்கும் வரை, ஒன்றுகூட இல்லை. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நொடிக்கு நொடி சுடக்கூடிய கருவி கைக்கு எட்டாதபோது கொலையாளிக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது, தப்பி ஓடுபவர்களுக்குக் கிடைக்கும் நேரம் கூடுகிறது. காரணமும் விளைவும் இங்கே பொருந்துகின்றன.

தனித்தனிக் கொலைகளில் இந்தத் தெளிவு இல்லை. துப்பாக்கியால் நிகழும் இறப்பு விகிதம் 1979-இலிருந்தே ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்துவந்தது. 1996-க்குப் பிறகு அந்தச் சரிவு ஏறக்குறைய 5 சதவீதமாக வேகமெடுத்தது. இதை மட்டும் பார்த்தால் சட்டத்துக்கு வெற்றி. ஆனால் அதே காலத்தில், துப்பாக்கி இல்லாமல் நிகழ்ந்த கொலைகளும் தற்கொலைகளும் சேர்ந்த விகிதம், அதுவரை ஏறிக்கொண்டிருந்தது, இறங்கத் தொடங்கியது. கத்தியையும் கயிற்றையும் அந்தச் சட்டம் தொடவில்லையே! ஆகவே வேறு ஏதோ காரணமும் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். சட்டத்தை வலுவாக ஆதரித்த சைமன் சாப்மனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2016-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, சரிவு முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மையை அவர்களை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். துப்பாக்கிக் கொலைகள் 1990-களிலேயே ஆண்டுக்குப் பெரும்பாலும் நூறுக்கும் குறைவுதான். அவ்வளவு சிறிய எண்ணில் சட்டத்தின் பங்கைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

எஞ்சியது தற்கொலை. துப்பாக்கி இறப்புகளில் பெரும்பகுதி அதுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொருளாதார ஆய்வாளர்களான ஆண்ட்ரூ லீயும் கிறிஸ்டின் நீலும் 2010-இல் மாநில வாரியாகக் கணக்கிட்டபோது, எந்த மாநிலத்தில் மக்கள்தொகைக்கு அதிகமான துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டனவோ அங்கே துப்பாக்கித் தற்கொலை அதிகமாகக் குறைந்திருந்தது. இந்தக் கணக்கையும் மறுப்பவர்கள் உண்டு. ஆனாலும் நாடு முழுவதற்கும் ஒரே கோடு வரைந்து பார்ப்பதைவிட இது வலுவான சான்று.

நேர்கோடு பதில்:

மன்னிக்க வேண்டும், இதில் எனக்கு உடன்பாடில்லை. போர்ட் ஆர்தர் கொலையாளியிடம் உரிமமே இருக்கவில்லை. சட்டத்தை மதிப்பவர்களைத்தான் சட்டம் கட்டிப்போடுகிறது. இன்று ஆஸ்திரேலியாவில் 40 லட்சத்துக்கும் மேல் பதிவு செய்த துப்பாக்கிகள் இருக்கின்றன. இது 1996-இல் இருந்ததைவிட அதிகம். துப்பாக்கி கூடியும் சாவு கூடவில்லை என்றால் உங்கள் வாதம் எப்படி நிற்கும்? மேலும், சாக முடிவெடுத்தவர் துப்பாக்கி கிடைக்காவிட்டால் வேறு வழியைத் தேடிக்கொள்ள மாட்டாரா?

பனங்கூடல் (யாழ்ப்பாணம்) பதில்:

நேர்கோடு அவர்களின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் கூறுகிறேன். நான் வைத்தியர், துப்பாக்கி பற்றி அதிகம் அறியேன். ஆனால் இதே கேள்வியை எங்கள் நாட்டில் பூச்சிநாசினி பற்றி நெடுங்காலம் கேட்டார்கள்.

1995-இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 ஆக, உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. அவ்வாண்டு மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிநாசினிகளும், 1998-இல் எண்டோசல்ஃபானும் தடை செய்யப்பட்டன. 2005 அளவில் அந்த வீதம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பின்னர் 2008 முதல் பராகுவாட் உள்ளிட்ட மேலும் மூன்று நாசினிகள் படிப்படியாக நீக்கப்பட்டபோது அது இன்னும் இறங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தோரின் தொகை குறையவில்லை என்பதே. வந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த ஒரு மாலைப்பொழுதின் ஆத்திரம் தணிந்த பின் மறுபடி முயலாதவர்களே அவர்களுள் பெரும்பான்மையினர்.

இஸ்ரேல் இராணுவத்தில் 2006-இல் வார இறுதி விடுமுறைக்குச் செல்லும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று விதித்தார்கள். தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. குறைவில் பெரும்பகுதி வார இறுதிகளில்தான், வார நாட்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. வேறு வழி தேடுவார்கள் என்பது உண்மையானால் இவ்விரண்டு விளைவுகளும் வந்திருக்கக் கூடாது.

கருவேலங்காடு மீண்டும்:

நேர்கோடு ஐயா சொன்ன 40 லட்சம் சரிதான், ஆனால் அந்த எண்ணுக்குள் வேறொன்று இருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் மக்களின் விகிதம் குறைந்து, வைத்திருப்பவர் ஒவ்வொருவரிடமும் உள்ள எண்ணிக்கை கூடியிருக்கிறது. இன்று சராசரியாக ஓர் உரிமதாரரிடம் நான்குக்கும் மேல் இருக்கின்றன. துப்பாக்கியே இல்லாத வீடுகள் பெருகியிருப்பதால் மொத்த எண்ணிக்கை ஏறியும் சாவு ஏறவில்லை.

பாண்டை நிகழ்வில் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அங்கே சுட்டவர்கள் ஒரு தந்தையும் மகனும். அந்தத் தந்தையிடம் முறையான உரிமம் இருந்தது, அவர் பெயரில் 6 துப்பாக்கிகள் பதிவாகியிருந்தன என்று காவல்துறை கூறியது. 1996 ஒப்பந்தம் எந்த வகைத் துப்பாக்கி, என்ன காரணத்துக்கு என்று கேட்டதே தவிர, ஒருவருக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு வைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் 2024 சட்டத்தில் அதைக் கொண்டுவந்திருந்தது. வேட்டைக்கு 5, விவசாயிக்கு 10. என்னைக் கேட்டால் எண்ணிக்கையைவிட ஆளைப் பார்ப்பது முக்கியம். உரிமம் கொடுத்தபோது இருந்த மனிதரும் அவர் வீட்டில் இன்று வசிப்பவர்களும் அப்படியே இருக்கிறார்களா என்று, புதுப்பிக்கும்போது படிவத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் யாராவது நேரில் வந்து கேட்க வேண்டும். என் பெட்டகத்தின் பூட்டைச் சோதிப்பவர்கள் இதுவரை என்னிடம் அப்படி எதுவும் கேட்டதில்லை.