லிஃப்ட் செய்த (உயரம் கூட்டிய) வண்டியில் லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டை ஸ்பிரிங்) கோணம்: உங்களுக்கு என்ன நடந்தது?

செந்தூல், சுசுகி எஸ்ஜே410:

நான் வாங்கும்போதே வண்டி உயரமாகத்தான் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் முன்பக்கம் நீள ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) போட்டு, பெரிய டயர் மாட்டியிருந்தார். ஜாலான் ஈப்போவில் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. காராக் ஹைவேயில் கெந்திங் செம்பா இறக்கத்துக்கு வந்தால்தான் அதன் குணம் தெரியும். லேனுக்குள் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பாது, கையால் இழுத்துக்கொண்டு வரவேண்டும். பக்கத்தில் டிரெய்லர் லாரி வேறு. (ஏற்றத்தில் பயமே இல்லை. 970 சிசி எஞ்சின் அங்கே யாரையும் முந்தப் போவதில்லை.)

அலைன்மென்ட் கடையில் டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) சரி என்றார்கள். இன்னொரு பட்டறையில் புது ஸ்டீரிங் டேம்பர் போட்டார்கள். நடுக்கம் குறைந்தது, அலைச்சல் அப்படியே இருந்தது. கடைசியில் செகாம்புட்டில் லாரி ஸ்பிரிங் வேலை செய்யும் ஒரு பெரியவர்தான் கோண அளவியை எடுத்துக் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் ஆணி) மூடிமேல் வைத்துப் பார்த்தார். கேஸ்டர், அதாவது கிங்பின் பின்னால் சாயும் கோணம், கிட்டத்தட்ட பூஜ்யம். “வண்டியத் தூக்குனா அச்சும் கூடவே திரும்பும் தம்பி, அத யாரும் பாக்க மாட்டாங்க” என்றார்.

விஷயம் இதுதான். எஸ்ஜேயில் முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் முன்முனையில் இருக்கிறது, பின்முனை சேஸிஸில் நிலையாகப் பொருந்தியிருக்கிறது. ஷாக்கிளை நீட்டினால் முன்முனை மட்டும் கீழே இறங்கும், பின்முனை நகராது. ஸ்பிரிங் சாய, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அச்சும் முன்பக்கம் குப்புறச் சாய்கிறது. பின்னால் சாய்ந்திருக்க வேண்டிய கிங்பின் நிமிர்ந்துவிடுகிறது. ஸ்டீரிங் தானாக நேராவது அந்தப் பின்சாய்வால்தான். இத்தனைக்கும் கிடைத்த உயரம் சொற்பம்: ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் அச்சு இருக்கும் இடத்தில் 1 அங்குலம்தான் உயரும்.

பெரியவர் குட்டை ஷாக்கிளுக்கு மாற்றி, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே எஃகு ஆப்பு வைத்தார். எஸ்ஜேயில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருப்பதால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வரவேண்டும். நான் இன்னும் பெரிய ஆப்பு கேட்டேன், மறுத்துவிட்டார். கேஸ்டர் கூடக் கூட முன் அச்சின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கு) கீழே குனியும், எஞ்சின் சக்தியை அச்சுக்குக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் கோணம் மோசமாகும். ஒரே ஆப்பு இரண்டையும் சரிசெய்யாது. இரண்டும் சரியாக வேண்டுமென்றால் அச்சின் முனையில் கிங்பின்னைத் தாங்கும் நக்கிளை வெட்டித் திருப்பி வெல்டிங் செய்யவேண்டும், அதற்கு என் பையில் காசில்லை. முன் சக்கர ஹப்பை அச்சோடு பூட்டாமல் ஹைவேயில் போகும்போது முன் ஷாஃப்ட் சுற்றுவதில்லை, அதனால் இந்தச் சமரசம் எனக்குப் போதும்.

பாலிக் புலாவ், ஹைலக்ஸ்:

எங்களுக்குப் பின்பக்கம்தான் தொல்லை. அப்பாவின் டுரியான் தோட்டத்துச் சரிவில் பாரத்தோடு கிளட்சை விட்டால் கீழே திடுதிடுவென்று உதறும். சென்டர் பேரிங் (இரண்டு துண்டு ஷாஃப்டை நடுவில் தாங்குவது) போய்விட்டது என்றார்கள், மாற்றியும் போகவில்லை. மாமாவை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கவாட்டில் தள்ளி நின்று குனிந்து பார்த்தேன். கிளட்சை விட்டதும் பினியன் மூக்கு மேலே எழும்புகிறது, பட்டைகள் பாம்பு மாதிரி நெளிகின்றன, டயர் பிடி விட்டதும் மூக்கு தொப்பென்று விழுகிறது, மறுபடி எழும்புகிறது.

காரணம், அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் உயரம் கூட்ட யாரோ வைத்த லிஃப்ட் பிளாக். எஞ்சின் முறுக்கு அச்சைத் திருப்பப் பார்க்கும்போது பிளாக் நெம்புகோலாகிப் பட்டையை இன்னும் வளைக்கிறது. பிளாக்கைக் கழற்றிவிட்டு, பட்டர்வொர்த்தில் ஸ்பிரிங்கை மறுபடி வளைத்து ஒரு பட்டை கூட்டினோம். உதறல் நின்றது. அப்புறம் பினாங்குப் பாலத்தில் சீராகப் போகும்போது ஒரு ரீங்காரம். பினியனும் சென்டர் பேரிங்குக்கு முன்னால் இருக்கும் ஷாஃப்ட் துண்டும் இணையாக இல்லை, ஜாயின்ட் இரண்டிலும் கோணம் வேறுவேறு. 2 டிகிரி ஆப்பில் அடங்கியது. எங்களுடையதில் ஸ்பிரிங் அச்சுக்கு மேலே, அதனால் பினியனை உயர்த்தத் தடித்த பக்கம் பின்னால். செந்தூல் அண்ணன் சொன்னதை அப்படியே இங்கே செய்துவிடாதீர்கள். அலுமினிய ஆப்பு மலிவாகத்தான் கொடுத்தார்கள், அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டின் இறுக்கத்தில் அது நொறுங்கும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

கோம்பாக், பழைய லேண்ட் குரூசர்:

இன்னொன்று. என் வண்டியை ஜாக்கில் தொங்கவிட்டபடியே ஷாக்கிள் போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டது, கொஞ்ச நாளில் கிழிந்தது. வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் அதை இறுக்கவேண்டும். யூ போல்ட் புதிதாகவே போடுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பகோம் வாகனச் சோதனை எல்லாம் தனிக் கதை, அதை இன்னொரு நாள் அழலாம்.

செந்தூல், சுசுகி எஸ்ஜே410:

அண்ணே, ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றிய எஸ்ஜே யாரிடமாவது இருக்கிறதா? டிராக் லிங்க் (ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) ரொம்பச் சரிந்து, பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீரிங் தானாகத் திரும்பும் என்கிறார்கள். அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள், படம் இருந்தால் போடுங்கள்.