எதைப் பார்க்க? சோதனை முயற்சிப் படங்கள் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முக்கூடல்காரன்:
காட்சிகள் குவிந்துகொண்டே வரும் படங்களில் கண் எங்கெங்கோ ஓடிவிடுகிறது, ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இதில் எனக்கு ஒரு தெளிவு வந்தது திருப்புடைமருதூரில்தான். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் மரப்படி ஏறினால் ஐந்து நிலைகளிலும் பழைய ஓவியங்கள். சுவரில் இம்மி இடம் விடவில்லை. படைகள், புராணம், குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே இருட்டு. டார்ச் வெளிச்சம் விழுகிற இடம் மட்டும்தான் தெரியும். அந்தக் கப்பலிடமே நெடுநேரம் நின்றுவிட்டேன். அவசரப்படுத்த ஆளில்லை.

சினிமாவில் டார்ச் நம் கையில் இல்லை. வினாடிக்கு 24 சட்டகம் ஓடும். பார்த்து முடித்தாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால், எவ்வளவு வேண்டுமானாலும் குவிக்கட்டும், நடுவில் கண் நிற்க ஓர் இடம் கொடுக்கிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். ஜீகா வெர்தோவ் 1929ல் எடுத்த 'மூவி கேமராவுடன் மனிதன்' படத்தில் நடிகர்கள் கிடையாது, கதையும் கிடையாது. டிராம், இயந்திரம், கூட்டம் என்று அடித்துக்கொண்டு போகும். திடீரென்று, ஓடிக்கொண்டிருந்த குதிரை அப்படியே உறைந்து நிற்கும். அப்புறம் குழந்தைகளின் முகங்கள், அசையாமல். பார்த்தால் அவை பிலிம் துண்டுகள். எடிட்டர் எலிசவெத்தா ஸ்விலோவா மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே முகங்கள் மறுபடி அசையத் தொடங்கும். அந்த இடத்தில்தான் எனக்குப் படம் பிடிபட்டது.

அம்பை:
அண்ணாச்சி சொல்கிற அந்த இடம் கிடைக்காமலும் ஒரு படம் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. ஸ்டான் பிராக்கேஜின் 'மாத்லைட்', 1963. கேமராவே கிடையாது. அந்துப்பூச்சியின் சிறகு, புல், இதழ் இவற்றை ஒளிபுகும் டேப்புக்கு நடுவே ஒட்டி, அதையே பிலிமாக்கிவிட்டார். சத்தமும் இல்லை. நான்கு நிமிடம் போல ஓடும். பாளையங்கோட்டையில் கூட்டாளி வீட்டு மாடியில் போட்டோம். "இதுல என்னத்தடே பாக்க?" என்றான் ஒருத்தன். சரி என்று மறுபடி போட்டோம். ஒரு சிறகின் நரம்பு பளிச்சென்று வந்து போவதை அவனேதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னான்! சின்னப் படம் என்பதால் திருப்பிப் போட முடிந்தது. இதையே ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருந்தால் எழுந்து போயிருப்போம். இந்த மாதிரிப் படங்களுக்கு நீளம் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

வண்ணார்பேட்டை:
எனக்குச் சப்டைட்டில்தான் தொந்தரவு. பீட்டர் கிரீனவேயின் 'பிராஸ்பரோஸ் புக்ஸ்', 1991. படத்துக்கு மேல் படம், அதற்கும் மேல் எழுத்து. ஏறத்தாழ எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் ஜான் கீல்குட் ஒருவரே பேசுகிறார். ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் காதில் நிற்காமல் கீழே வரியைப் படிக்கப் போனால், அதற்குள் மேலே திரையே மாறிவிடுகிறது. அவர் அள்ளி அள்ளிக் காட்டுகிறார், நான் கடைசிவரை அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சலாக இருந்தது.

முக்கூடல்காரன்:
தம்பி, அந்தப் படம் ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்திலிருந்து எடுத்தது. அந்தக் கதையை முதலில் படித்துவிடுங்க. அப்புறம் சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்க. கீல்குட் குரல் காதில் விழுந்தால் போதும். வசனத்துக்கு இன்னொரு நாள் தனியாக உட்காரலாம்.