உன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

பாம்பன் வாசி:

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் ஊரில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவரைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. அவர் காட்டிய ஒரு நோட்டு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

குழுக் கடனுக்கு மனு எழுதித் தரப் போயிருந்தேன். தீவிலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்தார். விரல்களில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து அவிழ்த்தார். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன, பாறை கிழித்த கோடுகள் வேறு. அந்தக் கையாலேயே பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். இடப்பக்கத் தலைப்பு "நான் வாங்கியது". வலப்பக்கம் "என் தலையில் விழுந்தது". கணவர் வாங்கிவிட்டு ஊரை விட்டுப் போன வட்டிக்கடன், மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் வலப்பக்கம். அடைத்த தொகையும் தேதியும் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன். வல்லத்தை, அதாவது எங்கள் நாட்டுப்படகை, விற்று அப்பா என் அக்காவின் கல்யாணத்தை முடித்தார், என் டிப்ளமோ இரண்டாம் ஆண்டோடு நின்றது. எட்டு வருடமாக யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அது வலப்பக்கம் தம்பி. இடப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாய்?" என்றார்.

கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதற்குப் பதில்கூடப் போடாமல் நான் கேரளாவுக்கு வேலைக்குப் போனேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படகு டிரைவர், மண்டபம்:

தம்பி, எல்லாவற்றையும் இடப்பக்கத்தில் ஏற்றிவிடாதீர்கள். எல்லையில் படகு பிடிபட்டால் ஒரு குடும்பத்தின் பத்து வருட உழைப்பு ஒரே இரவில் போய்விடுகிறது. டீசல் விலை நம் கையில் இல்லை, இறால் விலையும் இல்லை. "உன் வாழ்க்கைக்கு நீதான் பொறுப்பு" என்று சம்பளக்காரர்கள் வந்து சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

ஆனாலும் என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறியது. பாதிக்கு மேல் குடித்தே தீர்த்தேன். பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்குள் நுழைகிறேன், ஏழாவது போகும் என் மகள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். போன வருட நோட்டுகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களைக் கிழித்து அடுக்கி, ஆணியால் துளை போட்டு, வலை நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த அதே வலை முடிச்சு. என்னைப் பார்த்ததும், "தடைக்காலம்தானே அப்பா, இது போதும்" என்றாள். அந்தச் சாக்குப்போக்கையும் நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அன்றே குடியை விட்டேன் என்று எழுத ஆசைதான். விட்டது அடுத்த வருடம், இரண்டு முறை தவறிய பிறகு.

சாயல்குடிக்காரன்:

நான் கரிமூட்டம் போடுகிறவன், விறகை அடுக்கி மண்ணால் மூடி உள்ளே புகையவிட்டுக் கரியாக்குகிற வேலை. மூட்டத்தில் எங்காவது ஓட்டை விழுந்தால் உடனே மண் அப்பி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று புகுந்து விறகு சாம்பலாகிவிடும். ஓர் இரவு காவல் என் முறை. தூங்கிவிட்டேன். விடிந்தபோது பாதி சாம்பல். காற்று அதிகம் என்று முதலாளியிடம் சொன்னேன். கூட இருந்த அண்ணனுக்கும் அன்று கூலி இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

டிரைவர் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். நிவாரணப் பணம் வரும் கணக்கின் ஏடிஎம் அட்டையை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்காதீர்கள். வாங்கினால் மீனை அவர் சொன்ன விலைக்குத்தான் போட முடியும், அப்புறம் ஏலத்தில் யார் எவ்வளவு கேட்டாலும் உங்களுக்கு உதவாது. கந்துவட்டிக்காரரிடம் வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்த ஒவ்வொரு தவணையையும் தேதி போட்டு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். தபால் நிலையத்தில் மாதம் நூறு ரூபாய்க்காவது ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்குங்கள். தடைக்காலத்தில் வலை பின்னுங்கள், இன்ஜின் வேலை கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவை மார்ச் மாதமே தனியாக எடுத்து வையுங்கள். இதெல்லாம் செய்தால் எந்தக் கஷ்டமும் வராது.

தனுஷ்கோடிப் பேத்தி:

சாயல்குடி அண்ணா, "எந்தக் கஷ்டமும் வராது" என்று எழுதாதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு எங்கள் பாட்டி என்ன திட்டம் போட்டிருக்க முடியும்? வீடும் படகும் தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயலோடு போயின, பெற்ற பிள்ளைகளில் இரண்டு பேரும் போனார்கள். அதில் அவர் பொறுப்பு என்று ஒரு துளி கிடையாது.

நான் சிறுமியாக இருந்தபோது அவருடன் மணலில் ஊற்றுத் தோண்டப் போவேன். கையால் மணலை விலக்கிக் காத்திருந்தால் நல்ல தண்ணீர் சுரக்கும், சிரட்டையால் மெதுவாக மொள்ள வேண்டும். ஒருநாள் பக்கத்தில் நின்ற அத்தை, "அந்தப் புயல் மட்டும் வராமல் இருந்திருந்தால் நீ இப்படி மண்ணில் உட்கார வேண்டியிருக்காது" என்று ஆரம்பித்தார். பாட்டி மொள்வதை நிறுத்தவில்லை. "குடத்தைச் சாய்த்துப் பிடி, மணல் விழுகிறது" என்றார் என்னிடம்.

அவர் அந்தப் பேச்சைக் காதில் வாங்கினாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் விட்டுவிட்டேன், இப்போது அவர் இல்லை.

பாம்பன் வாசி:

டிரைவர் அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். வலப்பக்கத்தில் வல்லம் விற்றதை எழுதினேன், அதை அழிக்கப் போவதில்லை. இடப்பக்கத்தில் கடிதம் வந்த மாதத்தையும் நான் பதில் எழுதாததையும் எழுதினேன். நேற்று அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நோட்டு திறந்துதான் கிடந்தது. நான் மூடவில்லை.