கடவுச்சீட்டு பெட்டகத்திலா, தொழிலாளியின் சட்டைப் பையிலா?

கிரான்குளம் வெல்டர்:
வெளிநாட்டிலிருந்து திறன்சார் தொழிலாளரைச் சேர்க்கும் நிறுவனங்கள் அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஒலுவில் முகாமையாளர் ஐயா நேற்று இங்கே எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். விமானச் சீட்டை நிறுவனமே கொடுக்க வேண்டும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் போடக் கூடாது, வந்திறங்கிய மறுநாளே வேலைத்தளத்துக்கு ஏற்றக் கூடாது என்று அவர் சொன்னவற்றோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் கடைசியில், “தொழிலாளரின் கடவுச்சீட்டுகளை நிறுவனத்தின் பெட்டகத்தில் பத்திரப்படுத்துவதும் அவர்களுக்குச் செய்யும் உதவியே” என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைப் பார்த்த பிறகு எனக்கு இரவு நித்திரை வரவில்லை. கட்டாரின் 2009ஆம் ஆண்டுச் சட்டமே, வதிவிட அனுமதி பதிந்து முடிந்ததும் கடவுச்சீட்டை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தண்டப் பணத்தை 25,000 ரியால் வரை உயர்த்தியது. குற்றமென்று அந்த நாடே எழுதிவைத்த ஒன்றை, கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருந்து புறப்படப் போகும் இளைஞர்களுக்கு உதவி என்று எப்படி ஐயா சொல்கிறீர்கள்?

ஒலுவில் முகாமையாளர்:
வெல்டர் தம்பி சட்டத்தைப் பாதி வாசித்துவிட்டுப் பேசுகிறார். தொழிலாளி எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் முதலாளி கடவுச்சீட்டை வைத்திருக்கலாம், அவர் திருப்பிக் கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும் என்று அதே 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டாரின் டோஹாவில் நான் பொறுப்பாக இருந்த பதினான்கு ஆண்டுகளில் எங்கள் பெட்டகத்துக்குள் வந்த ஒவ்வொரு கடவுச்சீட்டுக்கும் அப்படியொரு கையொப்பம் கோப்பில் இருந்தது. ஒருமுறை முகாமின் சமையலறையில் பற்றிய தீ பக்கத்து அறைகளுக்கும் பரவிப் பதினொரு பேருடைய பெட்டிகள் சாம்பலாகின. உடுப்பும் பணமும் போயின, கடவுச்சீட்டு ஒன்றும் போகவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கக் கடவுச்சீட்டை அடகு வைத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் நின்று அழுதவர்களையும் நான் கண்டிருக்கிறேன். பிள்ளைகளைப் போலப் பார்த்த என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

கிரான்குளம் வெல்டர்:
அந்தக் கையொப்பம் எப்படி வாங்கப்படுகிறது என்பதை நான் சொல்கிறேன். உங்கள் நிறுவனத்தில் நான் இருந்ததில்லை, நான் சொல்வது வேறோர் இடம். இரவு இரண்டு மணிக்கு விமான நிலையத்திலிருந்து இருபத்தாறு பேரை ஒரு பேருந்தில் ஏற்றி, முகாமுக்குப் போகும் முன்னர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆளுக்கு ஏழு தாள்கள். எல்லாம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தார்கள். ஐந்தாவது தாள் எதற்கென்று கேட்டதற்கு, “பெட் சீட்டும் தலையணையும் தருவதற்கு” என்று பதில் வந்தது. வெளியே வரும்போது எங்கள் கடவுச்சீட்டுகள் ரப்பர் பட்டி போட்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. அதுதான் ஐயா நீங்கள் சொல்லும் எழுத்து மூலமான வேண்டுகோள். வாசிக்க முடியாத தாளில் வைத்த கையொப்பத்தை வேண்டுகோள் என்று சொல்ல முடியாது.

சம்மாந்துறைக் காக்கா:
இருவரும் சற்றுப் பொறுங்கள். திறன்சார் தொழிலாளர் என்று யாரைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு மற்றதைப் பேசலாமே. தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டச் சான்றிதழ் உள்ளவரையா, அல்லது யாரோ ஒரு மேசனுக்குக் கையாளாக இரண்டு வருடம் நின்றவரையும் சேர்த்தா? கையில் சான்றிதழோடு போகிறவனிடம் எந்தத் தாளையும் நீட்டி ஏமாற்ற முடியாது. எங்கள் ஊரில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, பிள்ளைகள் படித்து, வாசித்து, விளங்கிக்கொண்டு கையொப்பமிடுகிறார்கள். மட்டக்களப்புப் பக்கத்தார் ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போய்விட்டுப் பிறகு அழுவது புதிதல்ல.

கிரான்குளம் வெல்டர்:
காக்கா, சான்றிதழைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம். இருபது வருடம் வெல்டிங் செய்த பின்னர், முன்கற்றலை, அதாவது வேலையிலேயே கற்றதை, மதிப்பிடும் முறையில் நேர்முகத்துக்குப் போய் அதே 4ஆம் மட்டத்தை நானும் எடுத்திருக்கிறேன். அதற்கு முன்பே கட்டாரில் 6ஜி சோதனை வைத்தார்கள். நாற்பத்தைந்து பாகைச் சரிவில் அசையாமல் பொருத்திய குழாயை, குழாயைத் திருப்பாமல் நாமே சுற்றிச் சுற்றி நின்று ஒட்ட வேண்டும். அடிப்பக்கத்தில் தலைகீழாகப் பிடித்து ரூட் என்ற முதல் ஒட்டைப் போட்டு, பிறகு அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்குப் பத்தொன்பது பேரில் தேறிய ஆறு பேரில் நானும் ஒருவன். அவ்வளவு திறமையைப் பார்த்துச் சேர்த்த நிறுவனம்தான் என் கடவுச்சீட்டை பிஸ்கட் டின்னுக்குள் போட்டது. நான் எந்த ஊரான் என்று அந்த டின்னுக்குத் தெரியாது.

ஏறாவூர் ஆசிரியை:
நீங்கள் ஆண்கள் ஒரு பெட்டகத்தைச் சுற்றியே நிற்கிறீர்கள். என் தம்பி வயரிங் வேலைக்குப் புறப்பட்டபோது எங்கள் உம்மாவின் காப்பும் மாலையும் அடகுக்குப் போயின. சப் ஏஜென்ட் ஒருவர் பற்றுச்சீட்டில்லாமல் வாங்கிய பணம் அது. முதல் பதினொரு மாதச் சம்பளம் அந்த நகையை மீட்கவே போயிற்று. தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பின் 181ஆம் இலக்கச் சமவாயம் 1997இலேயே சொல்லிவிட்டது. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழில் சட்டமும் சொல்கிறது. எனவே, நாட்டில் ஆள் திரட்டும்போது யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று நிறுவனம் தொழிலாளியிடமே நேரில் கேட்டறிந்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும். முகாமையாளர் சேர், உங்கள் பதினான்கு ஆண்டில் ஒரு தடவையாவது அப்படிக் கேட்டீர்களா?

ஒலுவில் முகாமையாளர்:
சகோதரி, எங்கள் நிறுவனம் ஏஜென்சிக்குரிய தொகையை முழுமையாகக் கொடுத்தது. கிராமத்தில் ஒரு சப் ஏஜென்ட் இரகசியமாக வாங்கியதற்கு டோஹாவில் இருந்த நான் எப்படிப் பொறுப்பாவேன்? வெல்டர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு எல்லா நிறுவனத்தையும் அளக்காதீர்கள். எங்களிடம் இருந்தது தீப்பிடிக்காத இரும்புப் பெட்டகம்.

மகிழடித்தீவான், டொரொன்டோ:
இங்கே கனடாவில், வெளிநாட்டுத் தொழிலாளரைச் சேர்க்க முதலாளி அரசிடம் கொடுக்கும் எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பத்துக்கான 1,000 டொலரை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடமிருந்து அதை அறவிட முடியாது. நான் வேலை செய்யும் இடத்தில் புதிதாக வருபவருக்கு வங்கிக் கணக்குத் திறக்கவும் வீடு பார்க்கவும் ஓர் ஆளை ஒதுக்கியிருக்கிறார்கள், அவருடைய தொழிற் சான்றிதழை இங்குள்ள தரத்தோடு ஒப்பிட்டுப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறார்கள். கடவுச்சீட்டைக் கேட்கும் வழக்கமே இல்லை.

சம்மாந்துறைக் காக்கா:
கனடாவில் இருந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம், மச்சான். இங்கிருந்து கட்டாருக்குப் போகிறவனுடைய பிரச்சினை வேறு.

கிரான்குளம் வெல்டர்:
ஆசிரியை அக்கா சொன்ன நகைக் கணக்கு உண்மை, எங்கள் வீட்டிலும் அது நடந்தது. ஆனாலும் நான் கடவுச்சீட்டை விடமாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு அம்மா தவறிவிட்டார் என்று தொலைபேசி வந்தது. வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. எங்கள் கடவுச்சீட்டுகளைப் பூட்டி வைத்த பெட்டகத்தின் சாவி ஓர் அலுவலரிடம் இருந்தது, அவர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வந்து திறந்தார். மூடிய கதவுக்கு வெளியே இரண்டு பகலும் நான் இருந்தேன். நான் கிரான்குளம் வந்து சேர்ந்தபோது அம்மாவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள், மண்ணின் ஈரம்கூடக் காய்ந்திருந்தது. இதையும் உதவிக் கணக்கில்தான் சேர்ப்பீர்களா, ஐயா?

ஒலுவில் முகாமையாளர்:
உங்கள் தாயாரின் இழப்புக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். ஆனால் அங்கே உங்களைத் தடுத்தது நாட்டை விட்டு வெளியேறும் அனுமதியாகத்தான் இருந்திருக்கும். அது அரசின் நடைமுறை, பெட்டகத்தின் குற்றமன்று.

கிரான்குளம் வெல்டர்:
நான் ஆண்டைக் குறிப்பிட்டே எழுதினேன். பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதி தேவையில்லை என்ற 2018ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆண்டு ஒக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. நிறுவனம் நூற்றுக்கு ஐந்து பேரைத்தான் விதிவிலக்காகப் பெயர் குறித்துக் கொடுக்கலாம், அந்தப் பட்டியலில் நான் இல்லை. என்னைத் தடுத்தது ஒரு சாவி.

ஒலுவில் முகாமையாளர்:
அப்படியென்றால் அது அந்த அலுவலரின் கவனயீனம். எங்கள் முகாமில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கக்கூடிய என் தொலைபேசி இலக்கம் அறிவித்தல் பலகையில் இருந்தது. படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டால் நல்லது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதியவனும் நான்தான். அதற்காகப் பெட்டகமே தவறு என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏறாவூர் ஆசிரியை:
எழுதினீர்கள், சரி. தமிழில் அச்சிட்டார்களா?

ஒலுவில் முகாமையாளர்:
அது தலைமை அலுவலகத்தின் தீர்மானம். நான் அந்த ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டேன்.

சம்மாந்துறைக் காக்கா:
திறன்சார் தொழிலாளர் யார் என்று நான் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கிரான்குளம் வெல்டர்:
பிறகு சொல்லலாம், காக்கா. முகாமையாளர் ஐயா, படிவம் தமிழில் வந்தது என்று உங்களால் சொல்ல முடியவில்லை. அப்படியானால் உங்கள் கோப்பில் இருந்த கையொப்பங்களில் வாசித்து வைத்தவை எத்தனை? ஒரு விடுமுறை நாளில் உங்களை அழைத்துக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போனவர் ஒருவரையாவது சொல்லுங்கள். நான் கையொப்பமிட்ட ஐந்தாவது தாளின் நிழற்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கல்லடியில் ஒரு கேற் வேலை முடிக்க இருக்கிறது, இரவு வீட்டுக்கு வந்ததும் அதை இங்கே போடுகிறேன். எந்த வரியில் தலையணை இருக்கிறது என்று நீங்களே காட்டுங்கள்.

ஒலுவில் முகாமையாளர்:
போடுங்கள். அது எங்கள் நிறுவனத்தின் படிவம் அல்ல என்பதை மட்டும் மேலே எழுதிவிட்டுப் போடுங்கள்.