மாசம் நூறு ரூவா: உங்க தெருவுல முடியாம இருக்கறவங்களுக்கு நீங்க செஞ்சது, பாத்தது எல்லாம் எழுதுங்க

செல்லூர் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது மதுரை செல்லூர்ல, தறிச் சத்தம் இன்னும் கேக்குற தெரு. எங்க வரிசையில ஒரு அண்ணே, தறியில வேல பாத்தவரு, சுகர் முத்திப்போயி ரெண்டு கிட்னியும் போயிருச்சு, இப்ப வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ். சொன்ன ஒடனே எல்லாரும் மொதல்ல கேக்குறது "ஆஸ்பத்திரிக்கு எம்புட்டு ஆகுது"ன்னுதான். ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் ஆகல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் பாத்துக்குறாங்க, டயாலிசிஸும் அதுலயே வந்துருது. அந்தக் குடும்பம் நொடிச்சது ஆட்டோ கூலியில. போறப்ப எப்படியோ டவுன் பஸ்ல ஏறிருவாரு, நாலு மணி நேரம் மெஷின்ல படுத்து எந்திரிச்சு வர்றப்ப பி.பி எறங்கி கால் தள்ளாடும், அப்ப எங்கிட்டுப் பஸ் ஏத்துறது. மதினிக்கு டவுன் பஸ்ல டிக்கெட் கெடையாது, 2021ல இருந்து பொம்பளைகளுக்கு சாதா பஸ்ல ஃப்ரீ, ஆனா துணைக்குப் போற அன்னைக்கெல்லாம் அவுக கூலி போச்சு. மாசத்துக்குப் பன்னெண்டு பதிமூணு நாளு கூலி இல்லாம ஒரு வீடு எப்படி ஓடும்னு நீங்களே சொல்லுங்க.

நோவு புதுசா இருந்தப்ப தெருவே வந்து பாத்துச்சு. சாத்துக்குடி, வாழப்பழம், இளநின்னு பை பையா கொண்டு வந்தாக, எல்லாம் பிரியத்துல கொண்டு வந்ததுதான். ஆனா கிட்னி போனவங்களுக்கு அதெல்லாம் ஆகவே ஆகாது, அதுல பொட்டாசியம் சாஸ்தி, வெளிய தள்ள கிட்னி இல்லாததால ரத்தத்துல ஏறி நெஞ்சுத் துடிப்பையே நிப்பாட்டிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இளநிதான் எல்லாத்துலயும் மோசமாம். மதினி அதப் புள்ளைகளுக்கு ஊத்திக் குடுத்துட்டு, கொண்டு வந்தவங்க கேட்டா "குடிச்சாருங்க, தெம்பா இருக்காரு"ன்னு சொல்லுவாக, யாரு மனசும் நோகக் கூடாதுன்னு. அவரு குடிக்கிற தண்ணியே அளவுதான், ஒரு சின்ன பாட்டில்ல காலையில ஊத்தி வச்சிருவாக, ராத்திரி வரைக்கும் அதுக்குள்ளதான். அந்த பாட்டில நான் பாத்த பெறகுதான் எனக்கு இது ஒரு நாள் ரெண்டு நாள் சமாச்சாரம் இல்லன்னு ஒறச்சுச்சு.

ஆறு மாசம் போனதும் யாரையும் காணோம். கொறையாச் சொல்லல, அவுகவுகளுக்கு அவுகவுக சோலி இருக்கு. ஆனா நோவு மாசாமாசம் வருது, ஒதவி மட்டும் ஒரு தடவ வந்துட்டு நின்னுபோகுது, பிரச்சினையே அங்கதான் இருக்கு. அதுக்கப்பறம் குழாயடியில பேசிப் பேசியே நாங்க கொஞ்சப் பேரு சேந்தோம். மாசத்து மொத சனிக்கிழம, கூலி வந்த அன்னைக்கு, முடிஞ்சவங்க நூறு, முடியாதவங்க அம்பது, இட்லிக் கடை வச்சிருக்கற அக்கா மட்டும் எரநூறு. ஒரு மாசம் குடுக்க முடியலன்னா ஏன்னு யாரும் கேக்கறதில்ல. பணத்த அண்ணே கையில குடுக்கறதும் இல்ல. ஸ்டாண்டுல ஒரு ஆட்டோத் தம்பிகிட்டப் பேசி மாசக் கணக்கு வச்சுட்டோம். தம்பி விவரம் தெரிஞ்சதும் அவராவே கொறைச்சுக்கிட்டாரு, டயாலிசிஸ் அன்னைக்கு வேற சவாரி எடுக்காம வாசல்ல வந்து நிக்கிறாரு. அண்ணே சட்டையப் போட்டுக்கிட்டு நம்ம ஆட்டோ வந்துருச்சுன்னு ஏறிப் போறாரு, யாருகிட்டயும் கையேந்தல.

இந்த அம்பது நூறுல என்னத்தக் கிழிச்சிர முடியும்னு எங்க வீட்டுலயே கேட்டாக. அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்துல கூலி வேல பாத்த சின்னப்பிள்ளை அம்மா ஊருப் பொம்பளைகளக் களஞ்சியம்னு சேமிப்புக் குழுவாச் சேத்து இப்படிச் சில்லறையிலதான் ஆரம்பிச்சாங்க. வாஜ்பாய் பிரதமரா இருந்தப்ப டெல்லியில வச்சு அவங்க கால்ல விழுந்து விருது குடுத்தாரு, 2019ல பத்மஸ்ரீ வந்துச்சு. நம்ம ஊருப் பொம்பளைகளுக்கு இது புதுசு இல்லங்க.

நீங்க யாருக்காவது இப்படி மாசாமாசம் செஞ்சிருந்தா, இல்ல உங்களுக்கு யாராச்சும் செஞ்சிருந்தா எழுதுங்க.

திருப்பரங்குன்றம் அண்ணாச்சி:

அக்கா எழுதுனது அம்புட்டும் நெசம். நான் காசநோய்ப் பிரிவுல களப்பணியில இருந்து ரிட்டயர் ஆனவன். தோப்பூர் ஆஸ்பத்திரியில இருந்து மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பி வைக்கிற ஆளுகள வீடு தேடிப் போயி பாக்குறது என் வேல. டி.பி மாத்திரை முழுக்க ஃப்ரீ, ஆறு மாசம் விடாம சாப்பிட்டா குணமாயிரும், இது எல்லாருக்கும் தெரியும். அப்பறம் ஏன் பாதியில விடுறாங்க? வயித்துல ஒண்ணும் இல்லாம அத்தன மாத்திரையப் போட்டா கொமட்டும், ரெண்டு வாந்தி எடுத்ததும் மாத்திரைய விட்டுருவாங்க. பாதியில விட்டா கிருமி மருந்துக்கு அடங்காமப் போயிரும், அப்பறம் வைத்தியம் ரொம்பக் கஷ்டம்.

ஒரு கொத்தனார் தம்பி, வயசு முப்பதுகூட இருக்காது, வாடகைக்கு ஒத்த ரூம்ல இருந்தான். மாத்திரை போட ஆரம்பிச்ச மறுநாளு ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுது அண்ணாச்சின்னு பயந்து போன் பண்ணுனான், அது ரிஃபாம்பிசின் மாத்திரையால வர்ற கலருதான் தம்பி ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி அமத்துனேன். அவன் வீட்டு ஓனரம்மாகிட்ட "அவனுக்கு நெஞ்சுல சளி, ஒடம்பு ரொம்ப எளச்சிருக்கு, தெனம் முட்டை குடுக்கச் சொல்லியிருக்காங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன், நோவு பேரச் சொல்லறதா வேணாமாங்கறது அவன் இஷ்டம். அந்த அம்மா என்ன செஞ்சாகன்னா மளிகைக் கடையில போயி "இந்தத் தம்பிக்கு தெனம் ரெண்டு முட்டை, ஒரு பாக்கெட் பால், வாரத்துக்குக் கால் கிலோ நெலக்கடல, எங்கணக்குல எழுதிக்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டாக. பக்கத்து போர்ஷன்காரங்களும் மாசம் நூறு சேத்துக்கிட்டாங்க. ஆறு மாசத்துல பய கன்னம் உப்பி வந்து நிக்கிறான், திரும்ப வேலைக்கும் போயிட்டான். அவனே கடைசியில அந்த அம்மாகிட்ட டி.பின்னு சொல்லிட்டான், அதுக்கு அவுக "முட்டை சாப்டியா இல்லையா அதச் சொல்லு"ன்னாகளாம்.

கவர்மெண்ட்டும் குடுக்குது, டி.பி நோயாளிக்குச் சத்துணவுக்குன்னு 2018ல மாசம் 500 ஆரம்பிச்சு 2024 நவம்பர்ல இருந்து 1,000 ஆக்கியிருக்காங்க, பேங்க் அக்கவுண்ட்டுக்கே வரும். 2022ல இருந்து நிக்ஷய் மித்ரான்னு ஒண்ணும் இருக்கு, தனியாளே பேரு குடுத்து ஒரு நோயாளிக்கு மாசாமாசம் சாப்பாட்டுப் பொருள் வாங்கித் தரலாம். அக்கம்பக்கத்துக்காரங்க பயப்படுறாங்கன்னா ஒண்ணு சொல்லிக்கிறேன், மாத்திரை ஒழுங்கா எடுத்தா சில வாரத்துலயே அடுத்தவங்களுக்குத் தொத்துறது வெகுவாக் கொறஞ்சிரும். ஆள ஒதுக்கி வச்சாத்தான் அவன் மாத்திரைய விட்டுட்டு ஊர் மாறிப் போவான்.

மேலூர்ப் பக்கத்துத் தங்கச்சி:

நான் வாங்குன பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்க அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு, இப்பவும் படுக்கையிலதான் இருக்காரு. கவர்மெண்ட்டோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபி பண்ற அக்கா வீட்டுக்கே வந்தாங்க, பி.பி மாத்திரையும் வீட்டுக்கு வந்துருது, அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா டயப்பர யாரு குடுப்பா? பெரியவங்க டயப்பர் ஒரு பாக்கெட் நாலு நாளு தாங்காது. அம்மா பழைய வேட்டியக் கிழிச்சு மடிச்சுப் போட்டு அலசி அலசிக் கை பூரா வெடிச்சுப் போச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகுல புண்ணு வந்துரும், ராத்திரியில நானும் அம்மாவும் மொற வச்சு எந்திரிப்போம்.

செல்லூர் அக்கா சொன்னதுல ஒண்ணுல மட்டும் நான் ஒத்துப் போகல. பணத்தக் கையில குடுக்காம கடையில கட்டுறது ஆட்டோவுக்குச் சரி, எல்லாத்துக்கும் சரி வராது. எங்களுக்கு ஒருத்தர் மருந்துக் கடையில மட்டும் மாசம் ஐநூறு கட்டுவேன்னாரு, நல்ல மனசுதான், ஆனா மாத்திரை எங்களுக்கு ஏற்கெனவே ஃப்ரீயா வந்துச்சு. கேஸ் தீந்துபோயி அடுப்பு எரியல, தம்பிக்கு ஸ்கூல்ல ஃபீஸ் கேட்டாங்க, அதுக்கு அந்த ஐநூறத் தொட முடியல. எங்க தெரு டீச்சரம்மா மட்டும்தான் ஒண்ணாந்தேதி ஆனா கவர்ல முந்நூறு ரூவா போட்டு அம்மா கையில குடுப்பாங்க, எதுக்குச் செலவழிச்சேன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஒரு தீவாளிக்கு அந்தக் காசுல அம்மா அரைக்கிலோ கறி எடுத்துக் கொழம்பு வச்சு அப்பாவுக்கு ஈரலை மசிச்சு ஊட்டி விட்டாங்க. அப்பா வாய் கோணி இருக்கும், சிரிச்சா தெரியாது, அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. மாத்திரைக்கு மட்டும்னு குடுத்திருந்தா எங்களுக்கு அது கெடச்சிருக்காது. நோவாளி இருக்கற வீட்டுல எது அவசியம்னு அந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும், தயவுசெஞ்சு அவங்க மேல நம்பிக்கை வைங்க.

இன்னொண்ணு, சொல்லவே கஷ்டமா இருக்கு. ஒரு குரூப்பு அரிசி மூட்டையோட வந்து அப்பா கட்டில் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாங்க. போர்வைய சரி பண்ணக்கூட விடல. அந்தப் போட்டோ எங்க காலேஜ் பிள்ளைக ஸ்டேட்டஸ் வரைக்கும் வந்துருச்சு. அரிசி ரெண்டு மாசத்துல தீந்துருச்சு, போட்டோ இன்னும் சுத்துது. குடுக்கறவங்க யாரா இருந்தாலும் போன உள்ள வச்சுட்டு வாங்க.

துபாய்ல இருந்து ஒரு வில்லாபுரத்துப் பையன்:

அக்கா, தங்கச்சி எழுதுனதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. நான் மாசம் ஒரு 1,000 தனியா எடுத்து வைக்கலாம்னு இருக்கேன், எங்க ஏரியாவுல யாருக்குத் தேவைன்னு இங்க இருந்து எப்படித் தெரிஞ்சுக்கறது? அப்பறம் இப்படிக் குடுக்கற பணத்துக்கு எங்க அண்ணன் பேருல டாக்ஸ்ல ஏதும் கழிக்க முடியுமா?

செல்லூர் அக்கா:

மொதல்ல தங்கச்சிக்கு. நீ சொன்னது சரிதான் ஆத்தா, ஆட்டோக் கணக்கு போக மிச்சம் இருக்கறத இனி மதினி கையிலயே குடுத்துரலாம்னு குழாயடியில பேசிட்டேன், எல்லாரும் சரின்னுட்டாக.

தம்பி, தனியாளுக்குக் குடுக்கறதுக்கு 80ஜிங்கற வரிக் கழிவு கெடையாது, அது 80ஜி அனுமதி வாங்குன டிரஸ்டு மாதிரி எடத்துக்குக் குடுத்தாத்தான். யாருக்குத் தேவைன்னு தெரிய உங்க அம்மாவக் கேளுங்க, இல்லன்னா தெருவுல பால் ஊத்துறவங்க, மருந்துக் கடைக்காரரு, அங்கன்வாடி அக்கா இவங்களக் கேட்டா போதும், யாரு பால நிப்பாட்டுனாங்க யாரு பத்து மாத்திரைக்குப் பதிலா ரெண்டு மாத்திரை வெட்டி வாங்கிட்டுப் போறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். பணம் அனுப்ப ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு வர வேண்டியது எல்லாம் வருதான்னு பாக்கச் சொல்லுங்க. பெருசுக தனியா இருந்தா முதியோர் உதவித்தொகை மாசாமாசம் வருதா, இல்லன்னா தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தாருக்கு மனு போடணும். காப்பீட்டு அட்டை இல்லன்னா வருச வருமானம் 1,20,000க்குள்ள இருக்குன்னு சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டுக் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டுத் திட்டக் கவுண்டருக்குப் போகணும். முடியாதவங்களுக்கு இந்த அலைச்சல் ஆகாது, அதுக்கு ஒரு ஆளு கூடப் போறதே பெரிய ஒதவி. சுகர், பி.பி மாத்திரைய வெளிய வாங்குறவங்களா இருந்தா முதல்வர் மருந்தகத்துலயோ மக்கள் மருந்தகத்துலயோ கேக்கச் சொல்லுங்க, மருந்து அதேதான், வெல ரொம்பக் கொறச்சல். இதெல்லாம் பாத்து முடிச்ச பெறகு உங்க ஆயிரம் எந்த ஓட்டைய அடைக்கணும்னு தானாத் தெரிஞ்சிரும்.

திருப்பரங்குன்றம் அண்ணாச்சி:

மேலூர்த் தங்கச்சி, எங்க மாமியாருக்கு வாங்குன காத்து மெத்தை ஒண்ணு மோட்டாரோட நல்லாத்தான் இருக்கு, முதுகுப் புண்ணுக்கு அது ரொம்ப நல்லது. ஞாயித்துக்கெழம மாட்டுத்தாவணியில மேலூர் பஸ்ல ஏத்தி விடவா, இல்ல மகன டூவீலர்ல கொண்டாரச் சொல்லவா, தனிச் செய்தியில சொல்லும்மா.