மறு: ஸ்வாடில் என்பதற்குத் தமிழ்ச் சொல்

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா இந்த இழைல வந்ததெல்லாம் படிச்சேன், பதில் எழுத உக்காரும்போதெல்லாம் வீட்ல சின்னது எந்திரிச்சிருது, இன்னைக்கு அது தூளில தூங்குற நேரமாப் பார்த்து ஒரேயடியா எழுதிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

ஸ்வாடில்னா பச்சக்குழந்தையைத் துணில சுத்தி வைக்கிறது. முதல்ல எதுக்கு இதுக்குத் தமிழ்ச் சொல் வேணும்னு மறுபடி சொல்லிடுறேன், ஏன்னா பாதி பேர் கவிதைக்குச் சொல் தேடுற மாதிரி தேடிட்டிருக்கோம். பச்சக்குழந்தைப் பராமரிப்பு பத்தின ஒரு செயலியைத் தமிழாக்குறோம். அதுல இந்த வார்த்தை ஒரு இடத்துல வினையா வருது, இன்னொரு இடத்துல துணியோட பேரா வருது, அப்புறம் பழக்கத்தோட பேரா வருது, இதை எப்ப நிறுத்தணும்ங்கிற எச்சரிக்கைலயும் வருது. படிக்கப்போறது பிள்ளை பெத்து பத்து நாள் ஆன ஒரு பொண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு, கண்ணு எரிய எரிய. இல்லன்னா அவளோட அம்மா. அவங்க ஒரு நொடி நின்னு "இது என்னது"ன்னு யோசிச்சாலே நாம தோத்தோம்.

ஐயா எழுதினது:

> ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் துணிப்பட்டையால் கட்டுதல். ஆகவே 'குழவிக்கட்டு' எனலாம். துணிக்குக் 'குழவிக்கச்சை'.

ஐயா, வேர் பத்தி நீங்க சொன்னது சரிதான், எனக்கு உறுத்துறதே அதுதான். பழைய ஆங்கிலத்துல ஸ்வதியன்னு ஒரு வினை, துணியால சுத்துறது, காயத்துக்குக் கட்டுப் போடுறதுக்கும் அதேதான். அதுலருந்து 1200 வாக்குல ஸ்வத்லன் மாதிரி ஒரு வடிவம் வந்து, அப்புறம்தான் ஸ்வாடில் ஆச்சு. கடைசில ஒட்டியிருக்கிற லகரம் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்றதைக் காட்டுற விகுதியா இருக்கலாம்ங்கிறாங்க, ஸ்பார்க் ஸ்பார்க்கிள் ஆன மாதிரி. அதாவது சுத்திச் சுத்திக் கட்டுறது. இந்தச் சொல்லுக்குள்ள குழந்தையே இல்ல, இருக்கிறது நாடா மட்டும்தான்.

அந்தக் காலத்துல செஞ்சதும் அதுதான். இப்ப நாம போர்வை மாதிரி ஒரு சதுரத் துணியை நினைச்சுக்கிறோம், அவங்க வச்சிருந்தது பட்டை பட்டையா நீளத் துணி. கிபி ரெண்டாம் நூற்றாண்டுல ரோம்ல வைத்தியம் பார்த்த சோரானஸ்னு ஒருத்தர், பிள்ளைப்பேறு பத்தி எழுதினதுல, மெத்துனு இருக்கிற கம்பளிப் பட்டையா, மூணு விரல் நாலு விரல் அகலத்துல வேணும்னு சொல்லிட்டு, கையை எப்படி நீட்டிச் சுத்தணும், காலை எப்படிச் சுத்தணும்னு வரிசையாச் சொல்லிருப்பார். எதுக்குன்னா உடம்பு நேரா வளரணும். நம்ம பாட்டிங்க மூக்கை நீவி விடுறாங்கல்ல, தலையை உருட்டி உருட்டி வடிவம் பிடிக்கிறாங்கல்ல, அதே நம்பிக்கைதான், அவங்க அதைத் துணியால செஞ்சாங்க. இத்தாலில ஃப்ளாரன்ஸ்ல ஒரு பழைய அநாதைக் குழந்தைகள் காப்பகம் இருக்கு, அதோட முகப்புல ஆந்திரேயா டெல்லா ரோபியா 1487 வாக்குல சுட்ட மண்ணுல செஞ்ச வட்ட வட்டமான சிற்பங்கள். நீலப் பின்னணில வெள்ளையா குழந்தைங்க, இடுப்புக்குக் கீழ பட்டையா சுத்தி, பம்பரக் கயிறு மாதிரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தோட முத்திரைல இருக்கிற குழந்தை அதுலருந்து எடுத்ததுதான்.

இந்தப் பழக்கத்துக்கு ஐரோப்பாவுக்குள்ளயே எதிர்ப்பு கிளம்புச்சு. இங்கிலாந்துல வில்லியம் கடோகன்னு ஒரு டாக்டர் 1748ல எழுதினார், சிந்தனையாளர் ரூசோ 1762ல எமீல்ங்கிற புத்தகத்துல எழுதினார், ரெண்டு பேருக்கும் கோவம் ஒண்ணுதான், கைகால் ஆட்டப் பொறந்த பிள்ளையை ஏன்யா கட்டிப் போடுறீங்கன்னு. அதுக்கப்புறம் பட்டை மெல்ல மெல்லப் போச்சு, பேரு மட்டும் தங்கிடுச்சு. இன்னைக்கு ஆங்கிலத்துல ஸ்வாடில்னா ஒரு மஸ்லின் துணியை விரிச்சு ஒரு ஓரத்தை மடக்கிப் பிள்ளையை வச்சுச் சுத்துறது. செயல் மாறிப்போச்சு. நாம ஏன் 2000 வருஷத்துக்கு முந்தின ரோமாபுரிக் கட்டைத் தமிழ்ல புதுசாக் கட்டணும்?

ஒரு கிளைக்கதை, தலைப்புக்கு வெளிய போகுது, ஆனா விட மனசில்ல. 16ஆம் நூற்றாண்டுல ஸ்வாடில்னா நல்லா வெளுக்குறதுன்னும் ஒரு அர்த்தம் இருந்துச்சு, நம்ம ஊர்ல "உனக்குப் பூசை போடுறேன்"னு சொல்ற மாதிரி. அப்புறம் 1740கள்ல டப்ளின்ல ஜான் செனிக்னு ஒரு பிரசங்கியார், இயேசு குழந்தை துணில சுத்திக் கிடந்த வசனத்தை எடுத்துப் பேசியிருக்கார், அந்த வார்த்தை பைபிள்ல இருக்குன்னே தெரியாத யாரோ அதைக் கேட்டுட்டுக் கேலி பண்ண, அயர்லாந்துல மெத்தடிஸ்டுங்கிற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்களுக்கே ஸ்வாட்லர்னு பட்டப்பேர் ஒட்டிக்கிச்சு. கிங் ஜேம்ஸ் பைபிள்ங்கிற ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும், அந்தச் சொல் காதுல விழுந்தா சிரிக்கிற ஆள் இருந்திருக்கார். நாம உருவாக்குற சொல்லைப் பார்த்து யாராவது சிரிச்சா மனசு உடைய வேண்டாம்னுதான் சொல்றேன்.

ஐயா, இன்னொண்ணு. குழவின்னா எங்க வீட்ல ஆட்டுக்கல்லுல மாவு ஆட்டுறது. குழவிக்கட்டுன்னு சொன்னா எங்கம்மா முதல்ல அடுப்படியைத்தான் பார்ப்பாங்க. எழுத்துல ஒரு ழகரம் தவறினா குளவிக்கூட்டுக்கே போயிடும்.

சரி, பைபிள் வந்ததால அங்கயே கொஞ்சம் நிக்கலாம், ஏன்னா இந்தச் சொல்லைத் தமிழ்ல மொழிபெயர்க்கிற பிரச்சினை நமக்குத்தான் முதல்ல வந்துச்சுன்னு நினைச்சுட்டிருக்கோம். லூக்கா ரெண்டாம் அதிகாரம், கிரேக்கத்துல அது ஒரே வினைச்சொல், அதுவும் ஸ்பர்கனோன்ங்கிற துணிப்பட்டைலருந்து வந்தது. லத்தீன்ல துணிகள்ல சுத்தினாள்னு ரெண்டு சொல்லாப் பிரிச்சாங்க. ஆங்கிலத்துல ஸ்வாட்லிங் துணின்னு போட்டாங்க. தமிழ்ல "பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையிலே கிடத்தினாள்". அவ்வளவுதான். கச்சை இல்ல, கட்டு இல்ல, புதுச்சொல் எதுவும் இல்ல. தலைமுறை தலைமுறையா கிறிஸ்மஸ் அன்னைக்கு இதைக் கேக்குற யாருக்காவது புரியாமப் போயிருக்கா?

அதே பைபிள்ல யோபு 38ல இன்னும் அழகு. கடல் பொறந்தப்ப அதைக் குழந்தையா நினைச்சு கடவுள் பேசுற இடம். ஆங்கிலத்துல காரிருளை அதுக்கு ஸ்வாட்லிங் பட்டையாப் போட்டேன்னு இருக்கு. தமிழ்ல "இருளை அதற்குப் புடவையாகவும்"! முதல் தடவை படிச்சப்ப, என்னடா கடலுக்குச் சேலை கட்டிருக்காங்கன்னு நினைச்சேன். புடவைன்னா பழைய வழக்குல பொதுவாத் துணிதான், அது தெரியும். இருந்தாலும் நம்ம வீடுகள்ல பிள்ளையைச் சுத்துறது வேற எதால? துவைச்சுத் துவைச்சு நைஞ்ச அம்மாவோட நூல் புடவை, இல்லன்னா தாத்தாவோட வேட்டியைக் கிழிச்ச துண்டு. மொழிபெயர்த்தவங்க அதை யோசிச்சுத்தான் போட்டாங்களான்னு கேட்டா நான் எப்படிச் சொல்றது, எனக்கு அப்படி நினைச்சுக்கப் பிடிச்சிருக்கு.

அடுத்து, யாழ்ப்பாணத்து அக்கா எழுதினது. முதல் நாள் ஒரு தம்பி பொதி, பொதிதுணின்னு சொன்னதுக்குப் பதில்:

> எங்கட பக்கம் பொதி எண்டா பார்சல். மர்மப் பொதி மீட்பு எண்டு பேப்பரில வரும். பிள்ளையைப் பொதிஞ்சு வைச்சிருக்கிறம் எண்டு சொன்னா ஆக்கள் பொலிசைக் கூப்பிடுவினம்.

அக்கா, சிரிச்சு முடியல. ஆனா தம்பி சொன்னதுல சரக்கு இருக்கு. பொதின்னா சோறும் ஞாபகம் வருது, திருப்பைஞ்ஞீலில அப்பருக்கு சிவன் பொதிசோறு கொடுத்த கதை இருக்கே. பூ மலர்றதைப் பொதியவிழ்தல்னு பழைய பாட்டுல சொல்லுவாங்க, மூடியிருக்கிறது மெல்லத் திறக்குறது, குழந்தைக்கு இதைவிட என்ன வேணும். ஆனா இன்னைக்கு எங்க ஊர்ப் பக்கம் பொதின்னதும் முதல்ல கழுதை வருது, அக்கா ஊர்ல போலீஸ் வருது, ரெண்டும் நமக்கு வேண்டாம்.

அதுக்கப்புறம் அக்காவே ஒண்ணு சொன்னாங்க:

> வாழைப்பொத்தியைப் பாருங்கோ. மடல் மடலாச் சுத்தி உள்ளுக்குப் பூ இருக்கு. பொத்தித்துணி எண்டா என்ன?

எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது, உண்மையச் சொன்னா ஒரு நாள் முழுக்க இதையே மனசுக்குள்ள சொல்லிட்டிருந்தேன். "பொத்திப் பொத்தி வளர்த்தேன்"னு சொல்லாத அம்மா இருக்காங்களா? சுத்தி வச்ச பிள்ளை அசப்புல வாழைப்பூ மாதிரியேதான் இருக்கும், மேல உருண்டு கீழ கூம்பி. எங்க ரெண்டாவது பொறந்தப்ப ஆஸ்பத்திரில பச்சைத் துணில சுத்திக் கைல கொடுத்தாங்க, அம்மாச்சி வாங்கிப் பார்த்துட்டு "என்னடி, கடைல பொட்டலம் மடிச்ச மாதிரி மடிச்சிருக்காளுக"ன்னாங்க. அப்ப வாழைப்பூ ஞாபகம் வரல, இப்ப வருது.

ஆனா அக்கா, அதை நான் விட்டுட்டேன். காரணம் சொன்னா நீங்களே ஒத்துப்பீங்க. வாயைப் பொத்து, கண்ணைப் பொத்து, மூக்கைப் பொத்து. பொத்துறதுங்கிற வினை முதல்ல போய் நிக்கிறதே மூஞ்சிலதான். இந்தச் செயலியில இருக்கிற முதல் எச்சரிக்கை என்ன? துணி தோளுக்கு மேல வரக்கூடாது, முகத்தை மறைக்கக்கூடாது. மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். "பொத்தித்துணியால் முகத்தைப் பொத்தாதீர்கள்"னு எழுத வேண்டியிருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு அதைப் படிக்கிற பொண்ணுக்கு என்ன மனசுல பதியும்னு நினைக்கவே பயமா இருக்கு. சொல் எவ்வளவு அழகா இருந்தாலும் அது சொல்ற எச்சரிக்கைக்கு எதிரா இழுக்கக்கூடாது.

கட்டு வேண்டாம்னு நான் பிடிவாதம் பிடிக்கிறதும் இதுக்குத்தான். அடுத்த எச்சரிக்கை இடுப்பு. பச்சக்குழந்தைக்குத் தொடை எலும்போட தலை, இடுப்புக் கிண்ணத்துல இன்னும் சரியா உக்காராம இருக்கும். காலை நேரா நீட்டி இறுக்கிட்டா அது கிண்ணத்தை விட்டு நழுவப் பார்க்கும். ஜப்பான்ல 1970கள்ல பிள்ளைங்க காலை நீட்டிச் சுத்தாதீங்கன்னு நாடு முழுக்கச் சொல்லிக் கொடுத்தப்புறம் இடுப்பு விலகுற குழந்தைங்க எண்ணிக்கை நல்லாக் குறைஞ்சுச்சு. அதனால கால் தவளை மாதிரி மடங்கி விரிய இடம் விட்டுத்தான் சுத்தணும். நெஞ்சுகிட்ட ரெண்டு விரல் நுழையணும். புரளப் பார்க்குதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்திடணும். இவ்வளவும் "தளர்வா, தளர்வா"ன்னு சொல்லிட்டுப் பேரை மட்டும் கட்டு, கச்சைன்னு வச்சா எப்படி?

அணையாடைன்னு ஒருத்தர் சொல்லிருந்தார். நல்ல சொல்தான், ஆனா அதை டயப்பருக்குப் புழங்க ஆரம்பிச்சாச்சு, ஒரே செயலியில ரெண்டுக்கும் வச்சா குழப்பம். ஜெர்மன்ல இதே கூத்து நடந்திருக்கு, சுத்துறதுங்கிற அர்த்தத்துல இருந்த விக்கெல்ன்ங்கிற வினை, குழந்தை விஷயத்துல இப்ப டயப்பர் மாத்துறதையே குறிக்குது. சுத்துற துணியும் ஈரத்துணியும் ஒரே வீட்லதான கிடக்கு, பேரு மாறிப்போறது சகஜம்.

அதனால என் முடிவு, சப்புன்னு இருக்கும், திட்டாதீங்க. வினைக்கு "துணியில் சுற்று". பழக்கத்துக்குப் பேரு வேணும்ங்கிற இடத்துல "துணிச்சுற்று". துணிக்கு "சுற்றுத்துணி". பிள்ளையோட கை நெஞ்சுமேல இருக்கணுமா வெளிய இருக்கணுமாங்கிற இடத்துல "கைவிட்ட சுற்று"ன்னு முதல்ல எழுதினேன், கைவிட்டதுன்னா அநாதை மாதிரி கேக்குது, அதனால "கை வெளியே இருக்கும்படி சுற்றுதல்"னு நீட்டியே எழுதிட்டேன். எச்சரிக்கை தலைப்பு "துணிச்சுற்றை எப்போது நிறுத்துவது".

தூங்குறதுக்குன்னு ஜிப் வச்சு ஒரு பை மாதிரி விக்கிறாங்களே, அதுக்குத்தான் இன்னும் ஒண்ணும் சிக்கல. தூக்கப்பைன்னா மலையேறப் போறவங்களோடது. யாருக்காவது தோணினா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அன்னைக்கு ஃபைலை மூடுறோம்.

சின்னது முழிச்சிருச்சு. வரேன்.

---

> துணிச்சுற்று என்பதில் எனக்கு மறுப்பில்லை. குழவியை ஆட்டுக்கல்லுக்கே விட்டுவிடுகிறேன். ஒரே ஐயம்: மக்கள் பேசுவது 'சுத்து'. நீங்கள் எழுதுவது 'சுற்று'. அந்தப் பெண் நின்று யோசிக்க மாட்டாரா?

ஐயா, நான் தம்பி. மேல எழுதின அக்கா பிள்ளையைப் பார்த்துட்டிருப்பாங்க, நானே சொல்லிடுறேன். சுற்றறிக்கை, சுற்றுலான்னு தினமும் படிக்கிறவங்கதான, வாய்க்குள்ள சுத்துன்னு படிச்சுப்பாங்க. ஒலிப்பதிவு வர்ற இடத்துல மட்டும் சுத்துன்னே பேசச் சொல்லிருக்கேன். இன்னொண்ணு, நான் எல்லாச் சொல்லையும் ஃபோன்ல போட்டுப் பார்த்தேன். துணிச்சுற்று பட்டன்ல ஒரே வரில அடங்குது. குழவிக்கச்சை ரெண்டாவது வரிக்கு உடைஞ்சு, மேல "குழவிக்கச்", கீழ "சை"ன்னு நின்னுச்சு.