பூட்டிய வீட்டில் ஒன்றரை மணி நேரம், யாராவது விளக்குங்களேன்

வணக்கம் அண்ணன், அக்காமாரே, பசியாறியாச்சா? அடுத்த சனிக்கிழமை தண்ணீர்மலைப் பக்கம் எங்கள் வாசகர் சந்திப்பில் ஒரு பழைய கொலை வழக்கைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டுவிட்டு முழிக்கிறேன்.

1892 ஆகஸ்ட் 4, அமெரிக்காவில் ஃபால் ரிவர் ஊர். ஆண்ட்ரூ போர்டன், வயது 69, அவருடைய இரண்டாம் மனைவி ஆபி, 64, இருவரையும் வீட்டுக்குள்ளேயே வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். மகள் லிஸி மேல் வழக்குப் போட்டு 1893இல் விடுதலை. அப்புறம் யார் மேலும் வழக்கு இல்லை.

எனக்கு இடிப்பது நேரம்தான். ஆபி மாடி விருந்தினர் அறையில் காலை ஒன்பதரை வாக்கில், ஆண்ட்ரூ பதினொரு மணிக்குக் கீழே சோபாவில், காலில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல். வெளியே போயிருந்த அவர் திரும்பி வந்தபோது முன்கதவு உள்ளே பூட்டியிருக்க, பணிப்பெண்தான் திறந்துவிட்டிருக்கிறார். வெளியாள் என்றால் அவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்தான்? சரி, லிஸிதான் என்றால், ஓடி வந்தவர்கள் யாரும் அவர் உடையில் ரத்தம் பார்க்கவில்லையே. (மூன்று நாள் கழித்து ஒரு கவுனை அடுப்பில் போட்டு எரித்தார். பெயின்ட் கறையாம்!)

உடல் சூடு, ரத்தம் உறைந்த நிலை, வயிற்றில் இருந்த உணவு, இதையெல்லாம் வைத்துத்தான் இடைவெளியைக் கணித்தார்களாம். மருத்துவமனையிலோ போலீஸிலோ வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் இது எவ்வளவு நம்பகம்? ஒரு மணி நேரம் முன்னே பின்னே போக வாய்ப்பு உண்டா? முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள். என் மச்சான் தே தாரிக் கடையில் பந்தயம் வேறு கட்டியிருக்கிறான்.